5000 ரூபியா தாளில் இருந்த பெரியவர்

இந்தோனேசியாவில் 2001-ல் ஒரு புது 5000 ரூபியா தாள் வந்தது. அதில் தலைப்பாகை கட்டி, தாடி வைத்து, வெள்ளை அங்கி போட்ட ஒரு பெரியவர் படம். பேர் துவான்கு இமாம் போன்ஜோல். ஜகார்த்தாவில் அவர் பேரில் ஒரு பெரிய சாலை இருக்கு. பாடாங் நகரத்து இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பேர்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் டச்சுக்காரர்களை எதிர்த்த மாவீரர். 1973-ல் அரசாங்கம் தேசிய வீரர் என்ற பட்டமும் கொடுத்தது.

இவ்வளவுதான் கதை என்றால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைக்காரனை எதிர்த்த வீரர் எந்த நாட்டில்தான் இல்லை? ஆனால் இந்த மனுஷர் முதலில் சண்டை போட்டது டச்சுக்காரர்களோடு இல்லை, தன் சொந்த ஜனங்களோடு. அதிலும் பாதி வழியில் நின்று, நாம் செய்வது சரிதானா என்று ஆள் அனுப்பி விசாரித்தார். தப்பு என்று தெரிந்ததும் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போறோம்.

அம்மா வீடு

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். சுமத்ரா தீவின் மேற்குப் பக்கம் எரிமலைகள் சூழ்ந்த ஒரு மேட்டு நிலம். அங்கே வாழும் ஜனங்கள் மினாங்கபாவ். எல்லாரும் முஸ்லிம்கள். ஆனால் சொத்து போவது அம்மாவிடமிருந்து மகளுக்கு. குலப்பெயரும் அம்மா வழியில்தான். உலகத்திலேயே மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் இதுதான் என்று மானிடவியல் படிப்பவர்கள் சொல்வார்கள்.

வீட்டுக்கு 'ருமா காடாங்' என்று பேர். பெரிய வீடு என்று அர்த்தம். எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் மேலே வளைந்த கூரை. சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க: இந்த வீட்டின் தூண்களை மண்ணுக்குள் புதைப்பதில்லை, தட்டையான கல்லின் மேல் நிறுத்துகிறார்கள். மரத்தோடு மரத்தை இணைக்க ஆணி கிடையாது, பொளி வெட்டிச் செருகி, மர முளை அடிப்பார்கள். பூகம்பம் அடிக்கடி வரும் ஊர் அது. பூமி ஆடும்போது வீடும் கூடவே கொஞ்சம் ஆடி, பிறகு நின்றுவிடும்.

அந்தக் காலத்தில் அந்த வீட்டில் பாட்டி, அம்மா, பெண்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்கு ராத்திரி வந்து தங்குகிற விருந்தாளி. அவன் பொறுப்பெல்லாம் தன் அக்கா தங்கை பிள்ளைகள்மேல்தான். தாய்மாமனை அங்கே 'மாமாக்' என்பார்கள். நம்ம காதுக்கு மாமா மாதிரியே கேட்கும். வயசுக்கு வரும் பையன்களுக்கு வீட்டில் படுக்க இடம் கிடையாது. 'சுராவ்' என்ற தொழுகைக் கூடத்தில் ஓதவும், சிலம்பம் மாதிரியான 'சிலாட்' பழகவும், தூங்கவும் செய்வார்கள். பிறகு பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள். இந்தப் பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர்: 'அடாத்'.

இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கும் பங்கு உண்டு, மகளுக்கும் பங்கு உண்டு. மகனுக்கு மகளைப் போல இரண்டு மடங்கு. மினாங்கபாவ் அடாத்தில் பரம்பரை நிலம் மகனுக்குப் போகவே போகாது. இரண்டையும் ஒரே ஊர் எப்படிப் பின்பற்ற முடியும்? பல தலைமுறையாக யாரும் இந்தக் கேள்வியைப் பெரிதுபடுத்தவில்லை. தொழுகை ஒரு பக்கம், அடாத் ஒரு பக்கம் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

காப்பியும் கொள்ளையும்

வண்டி தடம் புரண்டதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. மினாங்கபாவ் ராஜ குடும்பம் பாகாருயுங் என்ற இடத்தில் இருந்தது. அதன் செல்வாக்குக்கு ஆதாரம் தங்கம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்கம் தீர்ந்துவந்தது. அதே சமயத்தில் மலைச்சரிவு கிராமங்களில் காப்பி விளைய ஆரம்பித்தது. அமெரிக்கக் கப்பல்கள் வந்து வாங்கின. பணம் புது ஆட்கள் கைக்குப் போனது.

பணம் வந்ததும் வழிப்பறியும் வந்தது. மலையிலிருந்து கடற்கரைக்குச் சரக்கு கொண்டுபோகிற வியாபாரியை நடுவழியில் மடக்குவார்கள், ஆளையே பிடித்து அடிமையாக விற்பார்கள். ஒரு ஊரின் அடாத் அடுத்த ஊரில் செல்லாது. அப்போ யாரிடம் போய் முறையிடுவது? எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்ற ஏக்கம் வியாபாரிகளுக்கு இருந்தது. அது ஷரீஅத்தாக இருக்கலாம் என்று சுராவ்களில் இருந்த ஆசிரியர்கள் சொன்னார்கள். துவான்கு நன் துவோ என்ற மூத்த ஆசிரியர் கொள்ளைக்காரர்களிடம் நேரில் போய், பிடித்துவைத்த ஜனங்களை விடுவிக்கச் சொல்லி வாதாடியவர். மெதுவாக, பேசிப் பேசித் திருத்தலாம் என்பது அவர் வழி.

1803 வாக்கில் மக்காவுக்குப் போன மூன்று ஹாஜிகள் திரும்பி வந்தார்கள்: மிஸ்கின், சுமானிக், பியோபாங். அதே 1803-ல்தான் அரேபியாவின் வஹாபிப் படை மக்காவைப் பிடித்தது. சமாதிக் கட்டடங்களை இடித்து, புகையிலையைத் தடை செய்து, மதத்தைச் சுத்தமாக்குகிறோம் என்று ஒரு படை நிற்பதை இவர்கள் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊரில் கால் வைத்தால் சேவல் சண்டை, சூதாட்டம், கள், அபின். பேசித் திருத்தப் பொறுமை இல்லை.

இவர்களோடு நன் துவோவின் மாணவர் துவான்கு நன் ரென்சே சேர்ந்துகொண்டார். எட்டுப் புலிகள் என்று பேர் எடுத்த ஒரு குழு உருவானது. சேவல் சண்டை, கள், அபின், புகையிலை, வெற்றிலை எல்லாம் தடை. ஆண்கள் வெள்ளை உடுத்தி தாடி விட வேண்டும், பெண்கள் முகம் மறைக்க வேண்டும், தொழுகை தவறினால் தண்டனை. புகையிலை மென்றதற்காக நன் ரென்சே தன் சின்னம்மாவையே கொல்லச் செய்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மறுத்த ஊர்கள் எரிந்தன. பழைய ஆசிரியர் நன் துவோ எதிர்த்துப் பேசினார். மாணவர்கள் கேட்கவில்லை.

இந்த இயக்கத்துக்கு வரலாற்றில் பத்ரி என்று பேர். போர்ச்சுகீசிய 'பாத்ரே' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து. நாம் பாதிரியார் என்கிறோமே, அதே சொல்தான். ஹஜ் பயணிகள் கப்பல் ஏறும் பெடிர் என்ற ஆச்சே துறைமுகத்தின் பேரிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள்.

போன்ஜோலின் இமாம்

நம்ம ஆள் எங்கே என்று கேட்கிறீர்களா? 1772-ல் பிறந்தவர். பேர் முகம்மது ஷஹாப், அப்பா மார்க்க ஆசிரியர். சுராவ் சுராவாகப் போய்ப் படித்து, கடைசியில் நன் ரென்சேயின் வட்டத்துக்கு வந்தார். நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும் பள்ளத்தாக்கில் பத்ரிகள் போன்ஜோல் என்ற கோட்டை ஊரைக் கட்டினார்கள். உயரமான மண் சுவர், சுற்றிலும் நெருக்கமாக வளர்த்த முள் மூங்கில், பின்னால் மலை, உள்ளே பெரிய மசூதி. அதன் முதல் தலைவர் இறந்ததும் பொறுப்பு இவரிடம் வந்தது. போன்ஜோலின் இமாம் என்ற பட்டமே பேராகிவிட்டது.

இங்கே கதையைப் பூசி மெழுகக் கூடாது. போன்ஜோல் பணக்கார ஊரானது எப்படி? வியாபாரம் ஒரு பக்கம், கொள்ளைப் பொருள் இன்னொரு பக்கம். போன்ஜோலின் தளபதிகள் வடக்கே பதாக் மக்கள் வாழும் மண்டைலிங் வரை படை நடத்தினார்கள். ஊர்கள் அழிந்தன, ஜனங்கள் அடிமைகளாகப் பிடிபட்டார்கள். மண்டைலிங் இன்று முஸ்லிம் பகுதியாக இருப்பதற்கு அந்தப் படையெடுப்பும் ஒரு காரணம். சில பதாக் குடும்பங்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2007-ல் இந்தப் பழங்கணக்கு இந்தோனேசியப் பத்திரிகைகளில் மறுபடியும் வெடித்தது. இவரிடமிருந்து தேசிய வீரர் பட்டத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கோரிக்கையே எழுந்தது.

தெற்கே இன்னும் மோசம். 1815-ல் பத்ரி தலைவர் ஒருவர் பேச்சுவார்த்தைக்கு என்று வரச்சொன்ன இடத்தில், பாகாருயுங் ராஜ குடும்பத்தில் பெரும்பாலானவர்கள் கொல்லப்பட்டார்கள். இதைச் செய்தது இமாம் போன்ஜோல் இல்லை. ஆனால் அவர் சேர்ந்திருந்த இயக்கம்தான் செய்தது.

கதவைத் திறந்தது யார்?

தப்பிப் பிழைத்த ராஜ வம்சத்தாரும் ஊர்த்தலைவர்களும் என்ன செய்வார்கள்? கடற்கரையில் பாடாங்கில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். 1821 பிப்ரவரியில் ஒரு ஒப்பந்தம். பத்ரிகளை அடக்கினால் மினாங்கபாவ் நிலம் உங்களுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை மலை ஏறாத டச்சுப் படை மேலே வந்தது. இன்று பாதுசங்கார், புக்கிட்டிங்கி என்று சொல்லும் ஊர்களில் கோட்டை கட்டினார்கள். இனி இறங்கிப் போவார்களா? 120 வருஷம் இருந்தார்கள்.

ஆனால் பத்ரிகளை அவ்வளவு சுலபமாக அடக்க முடியவில்லை. 1825-ல் ஜாவாவில் இளவரசர் திபோநெகோரோவின் பெரிய கிளர்ச்சி வெடித்தது. டச்சுக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் சமாளிக்க ஆள் இல்லை. சுமத்ராவில் சமாதானம் பேசிவிட்டுப் படையை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1830-ல் ஜாவா அடங்கும்வரை மினாங்கபாவில் ஓரளவு அமைதி. இந்தக் கதையின் முக்கியமான திருப்பத்தை இந்தக் காலத்தை ஒட்டித்தான் பார்க்க வேண்டும்.

மக்காவிலிருந்து வந்த பதில்

இமாம் போன்ஜோல் தன் வாழ்க்கையைப் பற்றிய நினைவுக் குறிப்பு ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். அரபு எழுத்தில் எழுதிய மலாய். அதன் தொடர்ச்சியை அவர் மகன் எழுதினார். மலாய் மொழியின் ஆரம்பகாலத் தன்வரலாறுகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் அதை மதிக்கிறார்கள். அதில் ஒரு சம்பவம் வருது.

இமாம் தன் நெருங்கிய ஆட்கள் சிலரை மக்காவுக்கு அனுப்புகிறார். அங்கே உண்மையான சட்டம் என்ன என்று கேட்டுவரச் சொல்கிறார். ஏன் அனுப்பினார் என்று யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தின் பேரில்தான் சண்டை நடக்குது. ஊர்கள் எரிந்திருக்கு. வெற்றி பெற்ற தலைவர் அவர், கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு, நாம் நம்புவது சரியா என்று சரிபார்க்க ஆள் அனுப்புகிறார்.

போனவர்கள் திரும்பி வந்து சொன்ன செய்தி இடி மாதிரி. மூன்று ஹாஜிகள் பார்த்த அந்த வஹாபி ஆட்சி மக்காவில் இப்போது இல்லை. 1813-லேயே எகிப்திலிருந்து வந்த படை அவர்களை விரட்டிவிட்டது, 1818-ல் அவர்கள் தலைநகரமும் விழுந்துவிட்டது. பத்ரிகள் மார்க்கத்தின் பேரில் செய்த பல காரியங்களுக்கு அங்கே ஆதரவே இல்லை.

இமாம் என்ன செய்திருக்கலாம்? செய்தியை அமுக்கியிருக்கலாம். போனவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று தள்ளியிருக்கலாம். அவர் ஊர்த்தலைவர்களையும் மார்க்க அறிஞர்களையும் பெருங்கூட்டமாகக் கூட்டினார். நாம் எல்லை மீறிவிட்டோம் என்ற பொருளில் எல்லார் முன்னாலும் சொன்னார். கொள்ளையடித்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அடாத் விஷயத்தை அடாத் தலைவர்கள் முடிவு செய்யட்டும், மார்க்க விஷயத்தை மார்க்க அறிஞர்கள் முடிவு செய்யட்டும் என்று பிரித்துவைத்தார்.

மினாங்கபாவ் மக்கள் இன்றும் அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழி உண்டு. வழக்கம் மார்க்கத்தில் சாய்ந்து நிற்கிறது, மார்க்கம் வேதத்தில் சாய்ந்து நிற்கிறது என்பது அதன் கருத்து. அது இந்தச் சமரசத்தின் பிள்ளை என்று பலர் சொல்வார்கள். தாய்வழி வீட்டை இடிக்கக் கிளம்பிய இயக்கம், கடைசியில் அந்த வீட்டின் தூணுக்கு அடியில் கல்லாக உட்கார்ந்தது.

காலம் கடந்த சமாதானம்

ஆனால் டச்சுக்காரர்கள் காத்திருக்கவில்லை. ஜாவாப் போர் முடிந்ததும் படை திரும்பி வந்தது. 1832-ல் போன்ஜோலையே பிடித்துவிட்டார்கள். சுமை தூக்கவும் ரோடு போடவும் ஜனங்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். கூப்பிட்ட ஊர்த்தலைவர்களுக்கே அப்போதுதான் உறைத்தது. 1833 ஜனவரியில் பல இடங்களில் ஒரே சமயத்தில் கிளர்ச்சி. பத்ரிகளும் அடாத் ஆட்களும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள். போன்ஜோலில் இருந்த டச்சுப் படையினர் கொல்லப்பட்டார்கள். 1821 ஒப்பந்தத்தில் முன்னால் நின்ற பாகாருயுங் சுல்தானையே துரோகி என்று சொல்லி டச்சுக்காரர்கள் அந்த வருஷம் பிடித்து பத்தாவியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அதே 1833-ல் டச்சு அரசு ஒரு நீண்ட பிரகடனம் வெளியிட்டது. வரி போட மாட்டோம், ஊர் நிர்வாகத்தில் தலையிட மாட்டோம், சண்டையை மட்டும் தீர்த்துவைப்போம் என்று வாக்குறுதி. 1847-ல் காப்பியைக் கட்டாயமாக அரசாங்கத்துக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வாக்குறுதியின் ஆயுள் அவ்வளவுதான்.

போன்ஜோல் மறுபடியும் இமாம் கைக்கு வந்த பிறகு, முற்றுகை வருஷக்கணக்கில் நீண்டது. முற்றுகைப் படையில் டச்சு அதிகாரிகளுக்குக் கீழே ஜாவா, மதுரா, புகிஸ் சிப்பாய்கள் நிறையப் பேர். இன்றைய இந்தோனேசியாவின் ஒரு தீவுக்காரன் இன்னொரு தீவுக்காரனைச் சுட்டுக்கொண்டிருந்தான். 1837 ஆகஸ்டில் கோட்டை விழுந்தது. அக்டோபரில் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி, வந்த இமாமைக் கைது செய்தார்கள். அவருக்கு அப்போது 65 வயசு.

மேற்கு ஜாவாவின் சியாஞ்சூர், பிறகு அம்போன் தீவு, கடைசியாக சுலாவேசியின் வடமுனையில் மனாடோவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுற்றிலும் கிறிஸ்தவ மினஹாசா மக்கள். 27 வருஷம் ஊர் முகம் பார்க்காமல் இருந்து, 1864 நவம்பரில் இறந்தார். அந்த ஊரில் அவர் சமாதி இருக்கு. பக்கத்து ஆற்றங்கரையில் அவர் தொழுத கல் என்று ஒன்றைக் காட்டுவார்கள்.

அதே கேள்வி, 1945-ல்

மதமும் வழக்கமும் அரசும் எந்த இடத்தில் நிற்க வேண்டும்? இமாம் போன்ஜோல் தன் ஊருக்குள் தேடிய விடையை, அடுத்த நூற்றாண்டில் நாடு முழுக்கத் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் முன்னால் நின்றவர்களில் மினாங்கபாவ் ஆட்கள் ஏராளம். கம்யூனிஸ்ட் தான் மலாக்கா, சோஷலிஸ்ட் ஷாஹ்ரிர், இஸ்லாமியக் கட்சியான மஷுமியின் நாட்சிர், முதல் துணை ஜனாதிபதி ஹத்தா எல்லாரும் அந்த எருமைக் கொம்புக் கூரைக்குச் சொந்தக்காரர்கள்தான்.

1945 ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முன்னுரை எழுத ஒன்பது பேர் குழு உட்கார்ந்தது. தலைமை சுகர்னோ. அவர் பாண்டுங்கில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர், நம்ம ஆளுதான். முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றும் கடமை அரசின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று ஏழு வார்த்தைகள் சேர்ந்தன. ஆகஸ்ட் 17-ல் சுதந்திரப் பிரகடனம். கிழக்குப் பகுதிக் கிறிஸ்தவர்கள் இந்த ஏழு வார்த்தை இருந்தால் சேர முடியாது என்கிறார்கள் என்ற செய்தி ஹத்தாவுக்கு வந்தது. மறுநாள் காலையில் முஸ்லிம் தலைவர்களோடு பேசி, ஹத்தா அந்த வார்த்தைகளை எடுக்கச் செய்தார். இன்றுவரை அது ஆறாத வாதம். சிலருக்கு அது துரோகம், சிலருக்கு அதுதான் நாட்டைக் காப்பாற்றிய விட்டுக்கொடுத்தல்.

இன்னொரு தகவல். அந்தச் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை உட்கார்ந்து எழுதிய வீடு ஜகார்த்தாவில் இப்போது அருங்காட்சியகம். அது இருக்கிற சாலையின் பேர் இமாம் போன்ஜோல் சாலை.

சொத்து விஷயம் என்ன ஆச்சு? 1952-ல் புக்கிட்டிங்கியில் மார்க்க அறிஞர்களும் தாய்மாமன்மார்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பரம்பரைச் சொத்து அடாத்படி அம்மா வழியில் போகட்டும், ஒருவர் தன் உழைப்பில் சம்பாதித்தது இஸ்லாமியச் சட்டப்படி போகட்டும் என்று முடிவு. முதலில் யாரும் கேட்காத கேள்விக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பதில் கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இப்போ நீங்களே சொல்லுங்கள், இவர் வீரரா, குற்றவாளியா? டச்சு முற்றுகையை மட்டும் பார்த்தால் முதல் விடை. மண்டைலிங் ஊர்களை மட்டும் பார்த்தால் இரண்டாவது. சிலை வைப்பவர்களுக்கும் சிலையை உடைப்பவர்களுக்கும் பாதிக் கதை போதும். நமக்கு முழுசும் வேண்டும்.

அவர் திருப்பிக் கொடுத்த பொருளால் எரிந்த வீடு திரும்ப எழவில்லை, இறந்தவர் யாரும் எழுந்து வரவில்லை. சமாதானம் முன்னாலேயே வந்திருந்தால் டச்சுக்காரனைக் கூப்பிடும் நிலைமையே வந்திருக்காது. இரண்டு தரப்புமே அதற்கு விலை கொடுத்தது. இதெல்லாம் உண்மைதான்.

ஆனாலும் ஒன்று இருக்கு. கொள்கைக்காகச் சண்டை போட்ட தலைவர்கள் வரலாற்றில் ஆயிரம் பேர். தோற்ற பிறகு தப்பை ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. கோட்டையும் படையும் கையில் இருக்கும்போதே, தன் கொள்கையைச் சரிபார்க்க ஆள் அனுப்பி, வந்த பதில் தனக்கு எதிராக இருந்தும் அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டியவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ரொம்பக் கம்மி. அந்தக் கம்மியில் ஒருவர்தான் அந்த 5000 ரூபியா தாளில் இருந்தார்.